கேட்காமலே அழுத்திய பொத்தான்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியில் மொத்த வாத்தியக் குழுவும் நிறுத்திய பிறகும் அண்ணன் மட்டும் தனியாக டிரம்ஸ் அடித்துக்கொண்டே போனானே, அங்கே விட்டிருந்தோம். மேடையில் பாடிக்கொண்டிருந்த பெண்ணுக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இசை நடத்துநர் கையை மடக்கினார். பதினொரு பேரும் கப்சிப். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அரை நிமிடம் வெளுத்து வாங்கினான். ஏதோ வேடிக்கை என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. இசை நடத்துநர் கைதட்டவில்லை.

காட்சி முடிந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். காதைப் பரிசோதித்து, வாசிக்கத் தகுதியானவர் என்று கையெழுத்தான தாளோடு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குள் வந்தால் நாற்காலி அண்ணனுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள். இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த நாற்காலி அது.

இன்றைக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

கையெழுத்துப் போட வேண்டியவள் தங்கை. காது பார்க்க வேறு ஆளே இல்லையா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இருக்கிறார்கள். ஆனால் அந்த அரங்கத்தின் வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் வருஷத்துக்கு ஒரு முறை அவள் வேலை செய்கிற மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். அண்ணனை மட்டும் பக்கத்து அறைக்காரரிடம் தள்ளிவிட்டிருக்கலாம். "என் அண்ணன், நானே பார்க்கிறேன்" என்று பெருமையாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தவள் அவள்தான்.

காலை ஏழு மணிக்கே அண்ணி போன் செய்துவிட்டாள். இரண்டு நாளாக மனிதர் ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடவில்லையாம். குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாராம். யார் எதைச் சொன்னாலும் ஏன் முணுமுணுக்கிறாய் என்று எரிந்து விழுகிறாராம். அந்த நாற்காலி போனால் இவர் என்ன ஆவார் என்று அழுதாள்.

தங்கை அவளைத் தேற்றினாள். மூன்று வருஷமாகத் தானே பார்த்து, தானே கையெழுத்துப் போட்ட காது அது, துளிகூடக் குறை இல்லை, ஞாயிற்றுக்கிழமை நடந்தது வெறும் அசதி என்றாள். சும்மா சமாதானத்துக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னாள்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தான். புதிதாகச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தான். ஐம்பத்து நாலு வயது. அரங்கத்தில் அவனுக்குப் பெயர் 'கடிகாரம்'. பாடகர் பதறி ஓடினாலும், ஊதுகிறவர் மூச்சு வாங்கிப் பின்தங்கினாலும், அவன் கை மட்டும் இம்மியும் பிசகாது. அதற்காக வந்த பெயர்.

சத்தம் புகாத சின்ன அறையை மருத்துவமனையில் எல்லோரும் கூண்டு என்பார்கள். அண்ணன் கூண்டுக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டான். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டான். கவனமாகக் கேட்பதற்காக மூடுகிறான் என்று மூன்று வருஷமாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் ஒலியை அனுப்புவாள். கேட்டால் அவன் பொத்தானை அழுத்துவான். மேஜையில் ஒரு சின்ன விளக்கு எரியும். கொஞ்சம் கொஞ்சமாக ஒலியைக் குறைத்துக்கொண்டே போவாள். எந்த இடத்தில் விளக்கு எரியாமல் போகிறதோ, அதுதான் அந்தக் காதின் எல்லை. வேலை அவ்வளவுதான்.

விளக்கு டாண் டாண் என்று எரிந்தது. தாழ்ந்த ஒலிகள் முடிந்தன. கீச்சென்ற ஒலிகளுக்கு வந்தாள். அதற்கும் எரிந்தது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அண்ணிக்கு இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் பக்கத்து அறை நர்ஸ் கதவைத் திறந்து அலமாரிச் சாவியைக் கேட்டாள். தங்கை இயந்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு இழுப்பறையைத் துழாவினாள்.

விளக்கு எரிந்தது.

முழங்கை எங்கேயாவது பட்டிருக்கும் என்று நினைத்தாள். சாவியைக் கொடுத்து நர்ஸை அனுப்பினாள். திரும்பினால், விளக்கு மறுபடி எரிந்தது.

இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதையும் தொடவில்லை. விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. ஐந்து தடவை எரிந்த பிறகு, ஆறாவது தடவை எரியவில்லை. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தடவை. அவள் ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், கேட்காத இடத்தைத் தொட்டு, ஒரு படி ஏறியிருந்தால் எப்படி எரிந்திருக்குமோ அச்சு அசலாக அப்படி. கூண்டுக்குள் அண்ணன் கண்ணை மூடியபடி, யாருமே அனுப்பாத ஒலிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.



இந்த வேலையில் முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் ஒன்று உண்டு. ஒலிகளை ஒரே சீரான இடைவெளியில் விடாதே. சில நேரம் சட்டென்று விடு, சில நேரம் காக்க வை. இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் ஊகித்து அழுத்திவிடுவார். புதிதாக வந்தவர்களுக்கு அவளே இதைச் சொல்லித்தந்திருக்கிறாள். ஆனால் இருபத்திரண்டு வருஷம், ஒரு நாளைக்கு எத்தனையோ காதுகள். கை தானாக ஒரு நடைக்குப் பழகிவிட்டது. அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. குமாஸ்தாவும் பஸ் டிரைவரும் அந்த நடையைக் கண்டுபிடிக்கவா போகிறார்கள்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை கண்டபடி விட்டாள். ஒன்று உடனே, அடுத்தது ஏழெட்டு விநாடி கழித்து, அதற்கடுத்தது நெருக்கி. விளக்கு தடுமாறியது. எரிய வேண்டிய இடத்தில் எரியவில்லை. ஒன்றுமே இல்லாத இடத்தில் எரிந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தான்.

மைக்கில் நிதானமாகச் சொன்னாள். "அண்ணா, கேட்டா மட்டும் அழுத்து."

கண்ணாடி வழியாக அவளையே பார்த்தான். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது. தலையை ஆட்டினான். அதன் பிறகு உண்மையாக அழுத்தினான்.

தாழ்ந்த ஒலிகள் பரவாயில்லை. மேலே போகப் போக விளக்கு எரிவது நின்றது. ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஹெட்போனை மாட்டியிருந்தால் அவள் காது கூசியிருக்கும், அவ்வளவு கூட்டியும் அவன் சாந்தமாக உட்கார்ந்திருந்தான். கிராஃப் தாளில் கோடு நேராகப் போய், திடீரென்று கிணற்றுக்குள் விழுந்தது. இடது பக்கம் இன்னும் மோசம். அது டிரம்ஸின் பித்தளைத் தட்டு, சிம்பல், இருக்கிற பக்கம்.

வெளியே வந்ததும் அவன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். எப்போதிலிருந்து என்று கேட்டாள். முதல் வருஷம் நிஜமாகவே கேட்டது என்றான். கேட்கும்போதே எண்ணியும் வைத்துக்கொண்டானாம். எத்தனை தடவை அழுத்தினால் எப்போது விட வேண்டும், எந்த ஒலிக்கு அப்புறம் எது, எல்லாம். வேண்டுமென்று இல்லை, எதைக் கேட்டாலும் எண்ணுகிற பழக்கம். அடுத்த வருஷம் காதுக்குள் ஒரு விசில் சத்தம் ஆரம்பித்தது. பயம் வந்தது. எண்ணி வைத்திருந்தது கைகொடுத்தது.

"நீ ரெண்டரை எண்ணிக்கைக்கு ஒரு தடவை விடுவே பாப்பா. சின்ன வயசுல கயிறு தாண்டுவியே, அதே ரெண்டரை. மாறவே இல்ல." சொல்லும்போது அவனை அறியாமல் ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

நாற்பத்தெட்டு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள். அந்தச் சிரித்த வாயைப் பார்த்து அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அறைவதென்றால் தன் கையையே அறைந்துகொள்ள வேண்டும். பாதிக் குற்றம் அந்தக் கையுடையதுதானே.

அவன் காதுக்குள் பசை ஊற்றி அச்சு எடுத்து, அவளே செய்துகொடுத்த, சத்தத்தைக் குறைக்கிற இயர் பிளக் என்ன ஆனது என்று கேட்டாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தான். கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோலப் பளபளவென்று இருந்தது, ஒரு பொட்டு அழுக்கில்லை. போட்டால் சிம்பல் சத்தம் போர்வைக்கு அடியிலிருந்து வருகிறது, தன் கையே தனக்கு அந்நியமாக இருக்கிறது என்றான். மேலாளர் கண்ணில் படுவதற்காக நடைபாதையில் போட்டுக்கொண்டு போவானாம், உட்கார்ந்ததும் கழற்றிவிடுவானாம். மேடைக்கு அடியில், தலையைத் தூக்கினால் இடிக்கிற அந்தப் பொந்துக்குள், பின்னால் இரண்டு ட்ரம்பெட், இடது காதோரம் ஸ்பீக்கர், நடுவில் வெறும் காதோடு வாரம் எட்டுக் காட்சி. 

"ரெண்டாவது வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்ணா. போனது திரும்ப வந்திருக்காது. ஆனா அங்கேயே நின்னிருக்கும். ஸ்பீக்கரை நகர்த்தியிருக்கலாம், காட்சியைக் குறைச்சிருக்கலாம். ரெண்டு வருஷத்தை இப்படி முழுங்கிட்டியே."

"சொல்லியிருந்தா நீ எழுதியிருப்பே."

"எழுதியிருப்பேன்."

"அதான்" என்றான்.

பிறகு கெஞ்ச ஆரம்பித்தான். இந்த நாடகம் இன்னும் பன்னிரண்டு வாரம். அது முடிந்ததும் தானாகவே எழுந்து போய்விடுவான். எல்லோரும் மாலை போட்டு வழியனுப்புகிற மாதிரி போக வேண்டும், செவிடன் என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி போகக் கூடாது. அவ்வளவுதான் அவன் கேட்டது. அவள் முடியாது என்றாள். பன்னிரண்டு வாரத்தில் மிச்சம் இருப்பதும் போய்விடும், பேச்சுக்குரலே கேட்காமல் போகும் என்றாள்.

"மூணு வருஷம் போட்டியே பாப்பா. அதுல ரெண்டு பொய்தானே. இது ஒண்ணு மட்டும் உண்மையா இருக்கணுமா?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றைய தாள் வெளியே போனால் பழைய மூன்று தாள்களையும் தோண்டுவார்கள். நல்ல காது ஒரே வருஷத்தில் இப்படிக் கிணற்றில் விழாது என்று இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். அவள் வேலை நிலைக்குமா என்பதே சந்தேகம்தான்.

பேனாவை எடுத்தாள். 'வாசிக்கத் தகுதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதே கையோடு, பழைய முடிவுகளில் கடைசி இரண்டும் தவறு, தவறு என்னுடையது என்று தலைமை மருத்துவருக்கும் நாலு வரி எழுதினாள். ஒன்றை அரங்கத்துக்கும் மற்றதை அவருக்கும் ஆள் மூலம் அனுப்பிய பிறகுதான் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள்.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் அந்த இயர் பிளக் டப்பாவை மூடி, திறந்து, மூடிக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டாள். போய் உன் அண்ணியிடம் என்ன சொல்வது என்றான். சாயங்காலம் வரைக்கும் இங்கேயே ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன் என்றான்.

இருந்தான். மதியம் அவள் வாங்கிவந்து வைத்ததைத் தொடவில்லை. வந்த நோயாளிகளுக்கெல்லாம் அவள் இடைவெளியை மாற்றி மாற்றி விட்டாள். கை பழைய நடைக்கே ஓடியது. ஒவ்வொரு தடவையும் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பித் தர வந்த நர்ஸ் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, அதை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

நாலரை மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு டும்மி வந்தாள்.

டும்மி அண்ணன் மகள். பேச்சு வருவதற்கு முன்பே தட்டு, டம்ளர், அத்தையின் முதுகு என்று கிடைத்ததையெல்லாம் தட்டி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டவள். இப்போது இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷமாக அதே பொந்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்னச் சின்னத் தாள வாத்தியங்களை வாசிக்கிறாள். அவன் லீவு போட்டால் டிரம்ஸ் அவள் கைக்கு வரும்.

மகளைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து நின்றான். தன்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். நீ ஏன் அலைகிறாய், அம்மா அனுப்பினாளா என்று கேட்டபடி பையை எடுத்துத் தோளில் மாட்டினான். டும்மி அத்தையைப் பார்த்தாள். அத்தை தரையைப் பார்த்தாள். கடைசியில் அந்தப் பெண்தான் அப்பாவின் முகத்துக்கு நேரே வந்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு இசை நடத்துநர் போன் செய்தார். இன்றிலிருந்து டிரம்ஸ் அவள். அவளுடைய தாள் போன வருஷத்தது, தேதி முடிந்துவிட்டது. புதுத் தாள் வாங்க வந்திருக்கிறாள்.

அண்ணன் பையைக் கழற்றிக் கீழே வைத்தான். நல்லது என்றான். நமக்குள்ளேயே இருக்கட்டும் என்றான். பிறகு மேஜைப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

தங்கை அலமாரியிலிருந்து டும்மியின் போன வருஷத்து கிராஃபை எடுத்தாள். கோடு ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல நேராக இருந்தது. ஒரு சின்ன மேடு பள்ளம்கூட இல்லை. பொந்துக்குள் ஒரு வருஷம் வாசித்த காது. அதில் கோடு இவ்வளவு நேராக வராது.

கூண்டுக்குள் உட்கார வைத்து, இடைவெளியைக் கலைத்துக் கலைத்து விட்டாள். மூன்றாவது ஒலிக்கே தெரிந்துபோயிற்று. ஒன்றும் அனுப்பாத நேரத்தில் விளக்கு எரிந்தது. தங்கை எழுந்து கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

டும்மி மழுப்பவில்லை. "யாரும் சொல்லிக்கொடுக்கல அத்தை. உங்ககிட்ட வர்றதுக்கு முந்தின வாரம் அப்பா தினமும் சாப்பாட்டு மேஜையில விரலால தட்டிப் பழகுவார். அஞ்சு தட்டு, ஒண்ணு விட்டு, ரெண்டு. நான் எதிர்லதானே உட்கார்ந்து சாப்பிடறேன்."

பொந்துக்குள் உட்கார்ந்த இரண்டாவது மாதமே விசில் சத்தம் வந்துவிட்டதாம். காட்சி முடிந்து மறுநாள் மதியம் வரை இருக்குமாம். இப்போதெல்லாம் நிற்பதே இல்லையாம். யாரிடமாவது சொன்னாயா என்று அத்தை கேட்டதற்கு, சொன்னால் முதலில் அப்பாவைத்தான் கூப்பிட்டுப் பார்ப்பார்கள், அவர் நாற்காலி என்னால் போக வேண்டுமா என்று திருப்பிக் கேட்டாள். இப்போது போய்விட்டதே என்று சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை.

உண்மையாக ஒரு முறை பார்த்தார்கள். வலது காது தப்பித்திருந்தது. இடது காதில், கோடு நன்றாகப் போய்க்கொண்டிருந்து, அப்பாவுக்கு விழுந்த அதே இடத்தில் விழுந்தது. அவ்வளவு ஆழமில்லை. ஆனால் இடம் அதேதான். இருபத்து மூன்று வயதுக் காதில் அந்தப் பள்ளத்தைத் தன் கையாலேயே வரைந்து முடித்தாள்.

மணி ஐந்து பத்து. வெளியே வந்து அந்தத் தாளை அண்ணனுக்கு முன்னால் மேஜையில் வைத்தாள். வாயால் சொல்ல வேண்டுமென்றால் கத்திச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைக் கத்திச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. கிராஃப் எப்படிப் படிப்பது என்று காலையில்தான் அவனுக்குக் காட்டியிருந்தாள். அண்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். பெயரைப் பார்த்தான். விரலைக் கோட்டின் மேல் வைத்து ஓட்டினான். பள்ளம் வந்த இடத்தில் விரல் நின்றது. அதன் பிறகு அவன் தலையைத் தூக்கவே இல்லை.

டும்மி அவன் முதுகுக்குப் பின்னால், கதவோரமாக நின்றிருந்தாள். தோளில் குச்சிப் பை.

"சின்னப் பள்ளம்தானே அத்தை. இன்னிலேர்ந்து ஒழுங்கா பிளக் போட்டுக்கறேன். கையெழுத்துப் போடுங்க."

தங்கை மாட்டேன் என்று தலையசைத்தாள். இரண்டு மாதம் அந்தப் பொந்துப் பக்கமே போகக் கூடாது, மறுபடி பார்த்துவிட்டு, ஸ்பீக்கரை நகர்த்தச் சொல்லிக் கடிதம் எழுதி, அதற்கப்புறம்தான் எதுவும் என்றாள். இரண்டு மாதம் அந்த நாற்காலி காலியாக இருக்குமா என்று டும்மி கேட்டாள். இருக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அப்பாவுக்கு மூணு வருஷம் போட்டீங்க" என்றாள் டும்மி. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். அண்ணனின் முதுகு அசையவில்லை.

 

மேஜையின் ஓரத்தில் கிடந்தது கையெழுத்தாகாத படிவம். டும்மி எட்டி எடுத்து, நான்காக மடித்து, குச்சிப் பைக்குள் செருகினாள். கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று தங்கை பதறி எழுந்தாள். வேண்டாம் என்பதுபோல் டும்மி கையைக் காட்டினாள். கண் நிறைந்திருந்தது. குனிந்திருந்த அப்பாவின் தலையை ஒரு கணம் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து போய்விட்டாள். காது பார்க்கிற அறையின் கதவு. சத்தம் வரக் கூடாது என்று விளிம்பெல்லாம் கம்பளி ஒட்டியிருந்தது. மெத்தென்று மூடிக்கொண்டது.

தங்கை மேஜையைச் சுற்றி இரண்டு எட்டு வைத்திருப்பாள். அண்ணன் பேச ஆரம்பித்தான்.

"டும்மி."

தங்கை நின்றுவிட்டாள்.

"உன் மூஞ்சியைப் பாத்து சொல்ல முடியலம்மா. இப்படியே சொல்லிடறேன்." அவன் கிராஃபைப் பார்த்தபடியே பேசினான். "மேஜையில தட்டுவேனே. நீ எதிர்ல உட்கார்ந்து பாக்கறது எனக்குத் தெரியும். உன் விரலும் கூடவே அசையும். பாத்தேன். ஏன்னு ஒரு நாள் கேட்டிருக்கணும். கேட்டா, எனக்கும் விசில் சத்தம் வருதுப்பான்னு சொல்லிடுவியோன்னு பயந்து கேக்கல. நீ சொல்லிட்டா நானும் சொல்லணுமே."

தங்கை வாயைத் திறந்தாள். அவன் தோளைத் தொட்டால் போதும், டும்மி போய்விட்டாள் என்று சைகை காட்டினால் போதும். தொட முடியவில்லை. அவன் வாழ்நாளில் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. நிறுத்திவிட்டால் இன்னொரு தடவை அவன் ஆரம்பிக்கவே மாட்டான் என்று தோன்றியது. கீழே தெருவில் டும்மி எந்தப் பக்கம் நடந்துகொண்டிருப்பாள் என்றும் மனம் அடித்துக்கொண்டது.

"அந்த நாற்காலி வேணாம்மா நமக்கு. யாராவது உட்காரட்டும். இன்னிக்குப் போகாதே. என் பேச்சைக் கேக்கறதுக்கு நான் ஒண்ணும் பெரிசா செஞ்சிடல. தெரியுது. இருந்தாலும் கேக்கறேன். போக மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு."

காத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தே கால் ஆயிற்று. அவன் இன்னும் திரும்பவில்லை. மெல்ல வலது கையைத் தூக்கி, வலது காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டான்.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா. அப்பாவுக்குக் காது கேக்கல."